கத்திக்கு இணங்கிய குதிரை

எங்கள் வீட்டுச் சதுரங்கப் பெட்டியில் கறுப்புக் குதிரை ஒன்றும் வெள்ளைச் சிப்பாய் இரண்டும் காணாமல் போய் நெடுநாளாகிறது. குதிரைக்குப் பதில் சோடா மூடி, சிப்பாய்க்குப் பதில் புளியங்கொட்டை என்று ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பெட்டி வாங்கினால் விஷயம் முடிந்தது. ஆனால் இது கடைசல் பிடித்த பழைய மரக்காய்ப் பெட்டி, காயைக் கையில் எடுத்தால் ஒரு பிடிப்பு இருக்கும். கடையில் இப்போது கிடைக்கிற பிளாஸ்டிக் காய் மின்விசிறிக் காற்றுக்கே சாய்ந்துவிடுகிறது. மூன்று காய்தானே, செதுக்கிவிடலாம் என்று இறங்கினேன்.

கடைசல் மெஷின் என்னிடம் கிடையாது, உளி செட்டும் கிடையாது. இருப்பது ஒரு கத்தி, ஒரு ஆக்சா பிளேடு, கொஞ்சம் உப்புத்தாள். ஆகவே எந்தக் காய் முதலில் என்பதைவிட, நாகர்கோவில் பக்கத்தில் சும்மா கிடைக்கிற பொருட்களில் கத்தி எதை ஒழுங்காகச் சீவும் என்பதுதான் முதலில் தெரியவேண்டியிருந்தது. வீட்டில் கிடந்தது, மரமில்லில் கழித்துப் போட்டது, மீன் சந்தையில் ஒதுக்கியது என்று ஒரு சாக்கு நிறையச் சேர்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன்.

கத்தியைப் பற்றி முதலில். மூன்று விரல் நீளத்துக்கு அலகு, கொல்லப்பட்டறையில் அடித்து வாங்கியது, மடங்காத வகை. மடக்குக் கத்தி செதுக்குவதற்கு ஆகாது, அழுத்தும்போது மூடிக்கொண்டால் விரல் போகும். சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டி, பிசிறு போக ஒரு பழைய தோல் பெல்ட்டில் இழுத்தால் போதும். தாள் ஒன்றைத் தொங்கவிட்டு மேலிருந்து இழுத்துப் பார்ப்பேன். கிழியாமல் அறுபட்டால் கத்தி தயார்.

கடற்கரையில் பொறுக்கிய எதையும் கழுவாமல் கத்தியிடம் காட்டக்கூடாது. நம் கடற்கரை மணல் சாதாரண மணல் இல்லை. மணவாளக்குறிச்சியில் அள்ளிப் பிரிக்கிற மணலில் இல்மனைட், மோனசைட், சிர்க்கான் என்ற கனிமங்களோடு சிவப்பாகக் கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் உப்புத்தாளில் ஒட்டுகிற பொருள், கத்தி எஃகைவிடக் கடினம். ஒரு மணி மணல் கட்டையின் சந்தில் இருந்தாலும் தீட்டிய விளிம்பில் பல் விழுந்துவிடும். இந்த மணல் எதிலும் ஒட்டிக்கொள்ளும் சாமான். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றோடு ஒட்டிப்போன மணலில்தான் 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். கயிற்றில் ஒட்டுவது கட்டையில் ஒட்டாதா? பிரஷ் போட்டு நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

எது மென்மை என்று கேட்டால் எல்லோரும் மோஸ் அளவுகோலைக் காட்டுவார்கள். 1812-ல் பிரெடரிக் மோஸ் போட்ட வரிசை அது. டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3 என்று தொடங்கி வைரம் 10 வரை போகும். நகம் சுமார் இரண்டரை, கத்தி சுமார் ஐந்தரை. அப்படியானால் ஐந்தரைக்குக் கீழே இருப்பதெல்லாம் கத்திக்கு அடங்கவேண்டும். திண்ணையில் நடந்தது அப்படி இல்லை. அலுமினியம் மூன்றைத் தாண்டாது, ஆனால் பழைய சட்டியின் அலுமினியக் கைப்பிடியில் கத்தி கீறலைப் போட்டதே தவிர ஒரு சீவல் எடுக்கவில்லை. மோஸ் வரிசை சொல்வது ஒன்று இன்னொன்றைக் கீறுமா என்பதை மட்டும்தான். சீவல் சுத்தமாகக் கழன்று வருமா, பிய்யுமா, நொறுங்குமா, கத்தியைப் பிடித்துக்கொள்ளுமா என்பதெல்லாம் வேறு கணக்கு. அந்தக் கணக்கு ஒவ்வொரு பொருளையும் வெட்டிப் பார்த்தால்தான் கையில் வரும்.

மெழுகுவர்த்தி, சோப்பு இரண்டும் எளிது. புதுச் சோப்பு அழகாகச் சீவும், பழசு ஓரம் ஓரமாகத் தெறிக்கும். குழந்தைகளுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுக்க நல்ல பொருள், ஆட்டக்காய்க்கு ஆகாது. தெர்மகோல் கத்தி முனையில் மணி மணியாகப் பிய்ந்தது. கரும்பலகைச் சாக்பீஸ் சீவவே இல்லை, பொடியானது. பழைய செருப்பின் ரப்பர் அடி தொட்டால் மெத்தென்று இருக்கிறது, ஆனால் வெட்டினால் கத்தியை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்கிறது. அலகில் தண்ணீர் தொட்டு, அழுத்தாமல் நீளமாக இழுத்தால் சுலபமாக இறங்கியது. மென்மையான பொருள் கத்திக்குத் தொல்லை தருவதற்கு ரப்பரைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சிரட்டை நேர் எதிர். இளநீர்ப் பருவத்தில் கத்தி முனையால் கொத்தித் திறக்கிற அதே ஓடு, தேங்காய் முற்றியதும் கத்திக்கு அசையாது. வெட்டினால் வழுக்கும், ஓங்கினால் வெடிக்கும். உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினால் மட்டும் மாவாக வந்து பளபளப்பு ஏறுகிறது. சுரண்டலுக்குத்தான் அது பொருள், சீவலுக்கு இல்லை. பாக்கும் அப்படித்தான், பச்சையில் கத்தி போதும், காய்ந்தால் பாக்குவெட்டியைத் தேடவேண்டும். பனைமரத்தில் ஒரே துண்டுக்குள்ளேயே இரண்டும் இருக்கிறது. உள்ளே சோறு என்கிற நடுப்பகுதி பஞ்சாகக் கிடக்கிறது, வெளியே வைரம் என்கிற கறுத்த கெட்டிப்பகுதி கத்தியைத் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கறுப்பு நாரின் சிலாம்பு விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. கறுப்புக் காய்க்குப் பொருத்தமான நிறம் என்று ஆசைப்பட்டுத்தான் எடுத்தேன், சீக்கிரமே ஒதுக்கி வைத்துவிட்டேன். தேக்கு கொஞ்சம் சீவியது. ஆனால் தேக்குக்குள் நுண்ணிய சிலிக்கா உண்டு, கத்தியை அடிக்கடி சாணைக்கு அனுப்புகிற மரம்.

அப்புறம் கணவாய் மீனின் ஓடு. குளச்சல் சந்தையில் மீன் விற்கிற அக்காவிடம் கேட்டேன். “அதுக்கென்ன மக்கா, கூடையில கெடக்கு, வேணுங்கிறத எடுத்துக்கோ. லவ் பேர்ட்ஸுக்கா?” என்றார். செதுக்குவதற்கு என்றதும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இருப்பதிலேயே பெரிதாக ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பதும் இதுதான். ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி, வெயிலில் காயப்போட்டால் கவிச்சி போய்விடும்.

ஓட்டின் முதுகுப்பக்கம் கெட்டியான தகடு, வயிற்றுப்பக்கம் வெள்ளையாக நகத்துக்கே குழிவது. குறுக்கே வெட்டிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். மாடி மேல் மாடியாகக் கட்டிய கட்டடம்தான். தாள் கனத்தில் தளங்கள், தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே மயிரிழைத் தூண்கள், மீதியெல்லாம் வெற்றிடம். உயிரோடு இருக்கும்போது அந்த அறைகளில் நீரையும் காற்றையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் கடலில் மேலும் கீழும் தன்னை நிறுத்திக்கொள்கிறது. ஓட்டின் பொருள் அரகோனைட், சுண்ணாம்புக் கனிமம், மோஸ் வரிசையில் மூன்றரை முதல் நான்கு. கனிமமாகப் பார்த்தால் அலுமினியத்தைவிடக் கடினம். ஆனால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காலியிடம் என்பதால் கத்தி எதையும் கீற வேண்டியதே இல்லை, தூண்களை வரிசையாக ஒடித்துக்கொண்டு போனால் போதும். அழுத்தமே தேவைப்படவில்லை.

அதில் ஒரு குதிரைத் தலை செதுக்கினேன். தாடையின் வளைவில் தளங்கள் கோடு கோடாக வெளிப்பட்டு, நான் போடாமலே ஒரு ரேகை வேலை வந்துவிட்டது. பார்க்க மிக நன்றாக இருந்தது. எடுத்துப் பலகையில் வைத்ததும் பெருவிரல் பட்ட இடம் குழிந்துவிட்டது. ஆட்டத்துக்கு ஒரு நாள் தாங்காது. இதன் உண்மையான உபயோகம் நகை வேலையில் இருக்கிறது. இரண்டு ஓட்டைத் தட்டையாகத் தேய்த்து, மாதிரியை நடுவே வைத்து அழுத்தி, கிடைத்த குழியில் உருக்கிய வெள்ளியை ஊற்றுகிற முறை பழையது. வெள்ளியின் சூட்டை ஒரு வார்ப்புக்குத் தாங்கும். அந்த வேலை எனக்கு வேண்டியதில்லை என்பதால் தலையைப் புத்தக அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

அடுத்தது உடைந்த கல்சட்டி. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் பச்சைத்தண்ணீர் பட்டு விரிசல் விட்டு, பின் இரண்டாகப் போன சட்டி. பெரியவர்கள் பழக்கி வைத்த பாத்திரம் என்பதால் தூக்கிப்போட மனமில்லாமல் பரணில் கிடந்தது. கல்சட்டி மாக்கல், அதில் பெரும்பங்கு டால்க். மோஸ் வரிசையின் முதல் எண் அதுதான். வெளிப்புறம் எண்ணெயும் புகையும் ஊறிக் கருத்திருந்தது. ஆக்சா பிளேடால் அறுத்த முகம் சாம்பல் பச்சை, தொட்டால் சோப்பு வழுவழுப்பு. சட்டியின் அடியும் சுவரும் சேர்கிற வளைவில்தான் கனம் அதிகம், அந்த இடத்தில் ஒரு துண்டு எடுத்தேன்.

கத்தியை வைத்ததும் வித்தியாசம் தெரிந்தது. மரத்துக்கு நார் ஓட்டம் உண்டு, ஒரு திசையில் சீவும், எதிர்த்திசையில் பிளக்கும். இந்தக் கல்லுக்கு அது இல்லை. மேலிருந்து, கீழிருந்து, குறுக்கே, எப்படி இழுத்தாலும் ஒரே மாதிரி மாவும் சிறு சுருளுமாக வருகிறது. குதிரைக்கு இது பெரிய விஷயம். மரத்தில் குதிரை செதுக்கினால் காதும் மூக்கும் நாருக்குக் குறுக்கே விழும், அந்த இடம் முதலில் போகும். எங்கள் பெட்டியில் மிஞ்சியிருக்கிற குதிரைகளில் ஒன்றுக்கும் காது முழுசாக இல்லை. கல்லில் அந்தப் பயம் குறைவு. ஆனாலும் கீழே விழுந்தால் தெறிக்கும் என்பதால் காதை நீட்டாமல், பிடரியோடு ஒட்டி மடக்கியே விட்டேன்.

பிடரி மயிர்தான் நேரம் எடுத்தது. கத்தி முனையைச் சாய்த்து ஒரு கோடு, அதற்கு எதிர்ச்சாய்வில் இன்னொரு கோடு, நடுவே ஒரு நூல் கனத்தில் கல் கழன்று வரும். இப்படி ஒவ்வொரு பள்ளமாக இறங்கும்போது சில இடத்தில் ‘கிறீச்’ என்று சத்தம் வந்து முனை நின்றுவிடும். மாக்கல் முழுக்க டால்க் மட்டும் இல்லை, குளோரைட், மாக்னசைட் போன்றவையும் கலந்திருக்கும். டால்க்கைவிடக் கடினமான அந்தப் புள்ளிகள்தான் சத்தம் போடுகின்றன. அங்கே அழுத்தினால் முனை ஒடியும், இல்லையென்றால் புள்ளி தெறித்துக் குழி விழும். சுற்றிலும் கல்லை இறக்கிவிட்டு அதை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்வதே வழி. கண்ணுக்கு நான் தேர்ந்த இடத்திலேயே அப்படி ஒரு புள்ளி இருந்தது. அதை எடுக்காமல் கண்மணியாக விட்டுவிட்டேன், பொருத்தமாகவே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மாக்கல் தூசியை மூச்சில் இழுக்கக்கூடாது. சில இடத்து மாக்கல்லில் ஆஸ்பெஸ்டாஸ் வகைக் கனிமமும் கலந்திருக்கும், இல்லாவிட்டாலும் நுண்தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை. கல்லைத் தண்ணீரில் முக்கி முக்கிச் செதுக்கினேன், உப்புத்தாளும் தண்ணீர்த்தாள்தான். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து, கழிவை ஈரத்துணியால் துடைத்து எடுத்தால் வீட்டுக்குள் தூசி வராது.

இவ்வளவு மெத்தென்ற கல்லில் செய்தது நிலைக்குமா என்று கேட்டால், சிந்துவெளி முத்திரைகள் பெரும்பாலும் இந்த வகைக் கல்தான். கல் மென்மையாக இருக்கும்போதே எழுத்தையும் காளையையும் செதுக்கிவிட்டுப் பிறகு சூளையில் சுட்டார்கள், சுட்டதும் கல் இறுகிவிடும். அதற்கான சூடு வீட்டு அடுப்பில் வராது என்பதால் என் குதிரையைச் சுடவில்லை.

வெட்டும்போது மென்மை, பிறகு கடினம் என்பதற்கு மாவட்டத்தின் மேற்கே போனால் சுவரிலேயே சாட்சி உண்டு. விளவங்கோடு பக்கம் பழைய வீட்டுச் சுவர்களில் தெரிகிற செம்மண் நிற வெட்டுக்கல். பூமிக்குள் ஈரத்தோடு இருக்கும்போது எந்த இரும்புக் கருவிக்கும் இணங்கும், வெட்டியெடுத்துக் காற்றுப் பட்டதும் இறுகும். மலபாரில் அங்காடிப்புரம் பக்கம் இதைப் பார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், 1807-ல் இதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்து எழுதினார். கல்லுக்குள் இருக்கிற இரும்புச் சேர்மங்கள் ஈரம் போய்ப் படிகமாவதால் வருகிற இறுக்கம் அது. சதுரங்கக் காய்க்கு அதில் பொத்தல் அதிகம், அதனால் முயற்சிக்கவில்லை.

ஆனால் இந்தப் பச்சை, காய்ந்தது என்ற வித்தியாசம்தான் வெள்ளைச் சிப்பாய்களை முடித்துக் கொடுத்தது. வெளிர் நிறத்தில் மரம் வேண்டும். மைசூர் பக்கத்துச் சன்னபட்டணம் பொம்மைகளுக்கு எடுக்கிற வெட்பாலை தந்த நிறத்தில், நெருக்கமான நாரோடு இருக்கும், அதுதான் முதல் தேர்வு. எனக்குக் கிடைக்கவில்லை. முருங்கைக் கட்டையும் முள்முருங்கையும் கத்திக்கு ஓடி ஓடி இணங்கின, ஆனால் சீவிய முகம் பஞ்சு பஞ்சாகக் கிளம்பி விளிம்பே நிற்கவில்லை. மிஞ்சியது ரப்பர் மரம். குலசேகரம் பக்கம் போனால் பால் வற்றிய மரங்களை வெட்டி ஏற்றிப்போகும் லாரிகளைப் பார்க்காமல் வரமுடியாது.

முதலில் மரமில்லில் நன்றாகக் காய்ந்த ரப்பர்த் துண்டைத்தான் எடுத்துவந்தேன். பக்கவாட்டில் சீவியது, நார் முனைகள் தெரிகிற தலைமுகத்தில் கத்தி ஏறவில்லை. தெருவில் மரவேலை செய்யும் அண்ணனிடம் காட்டினேன். துண்டை நகத்தால் தட்டிப் பார்த்தார். “இது கல்லுல்லா. பச்சையில உருவத்த எறக்கிப் போடு, காஞ்சப்புறம் ஒரு சீவு சீவு. சோறு இல்லாத பக்கமா எடு, இல்லன்னா வெடிச்சுப் போவும்” என்றார்.

அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பச்சை மரத்தில் நாரின் சுவரெல்லாம் நீரில் ஊறியிருக்கும். ஈரம் சுமார் முப்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கிய பிறகுதான் சுவர் சுருங்கி இறுகுகிறது, மரமும் கெட்டிப்படுகிறது. அன்றைக்கு வெட்டிய கட்டையில் நடுத்தண்டை விலக்கிக் கால்வாசித் துண்டு எடுத்தேன். பால் எல்லாம் பட்டையோடு சரி. பால்வெட்டுக்காரர் கத்தி ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையைத்தான் சீவுகிறது, உள்மரத்தைத் தொடுவதில்லை. பட்டையைக் கழற்றியபின் மரம் ஒட்டவில்லை. கத்தி ஈரச் சத்தத்தோடு நீளச் சுருள்களாக எடுத்தது. காய்ந்த துண்டில் மல்லுக்கட்டிய தலைமுகம்கூட இதில் வழிக்கு வந்தது.

உருவத்தை இறுதி அளவைவிடக் கொஞ்சம் பருமனாகவே நிறுத்தினேன், காயும்போது சுருங்கும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதனால் ஈரத்தோடு விட்டால் நீலக்கறை பூஞ்சையும் பிறகு துளைக்கும் வண்டும் வரும். மில்லில் போரான் மருந்து ஏற்றுவார்கள். நான் கேரம் பலகையில் தூவுகிற போரிக் பவுடரை வெந்நீரில் கரைத்துச் சிப்பாய்களை ஊறவைத்தேன். எடுத்து, தலைமுகத்தில் மெழுகு பூசி, நிழலில் காற்றோட்டமாக வைத்தேன். தலைமுகம் வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், அதை அடைத்தால் வெடிப்பு குறையும். பருவமழை வருவதற்கு முன் செய்தால் நல்லது, நம் மாவட்டத்தில் ஜூனிலும் நனையும், அக்டோபரிலும் நனையும். காய்ந்தபின் கடைசிச் சீவல், கழுத்து வளையம், உப்புத்தாள்.

சிப்பாய்க்குக் கனம் சேர்க்க அடியில் துளை போட்டு எதையாவது வைக்கவேண்டும். முதலில் நினைவுக்கு வந்தது வலையில் கட்டுகிற ஈயக்குண்டு. கத்தி ஈயத்தில் இறங்குவதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. வெட்டிய முகம் வெள்ளி மாதிரி மின்னும், சற்று நேரத்தில் காற்றுப் பட்டு மங்கிவிடும். பள்ளியில் மண்ணெண்ணெயிலிருந்து எடுத்த சோடியத்தை ஆசிரியர் கத்தியால் வெட்டிக் காட்டியது நினைவிருப்பவர்களுக்கு இந்த மினுக்கம் புரியும், சோடியம் இன்னும் வேகமாக மங்கும். ஆனால் குழந்தைகள் கை வைக்கிற காயில் ஈயம் வேண்டாம், அது உடம்பில் சேர்கிற நஞ்சு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, இரும்பு நட்டு ஒன்றைத் துளையில் வைத்து மரத்தூளும் பசையும் கலந்து அடைத்தேன். குதிரைக்கு இந்த வேலையே இல்லை. மாக்கல் கன அளவுக்குக் கன அளவு ரப்பர் மரத்தைப்போல நாலு மடங்குக்கு மேல் எடை.

பூச்சு வேலைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சிப்பாய்களுக்கு மார்த்தாண்டத்தில் வாங்கிய தேன்மெழுகை லேசாகச் சூடாக்கித் தேய்த்தேன். இங்கே தேனீக்களுக்கு முக்கியமான தீனி ரப்பர் இலைக்காம்பில் ஊறுகிற தேன்தான் என்பதால், மரமும் மெழுகும் ஒரே தோட்டத்து உறவு. பழைய வெள்ளைக் காய்களை விடக் கொஞ்சம் மஞ்சள் தூக்கல், ஆடும்போது உறுத்தவில்லை. குதிரைக்கு நல்லெண்ணெய்தான். செதுக்கி முடித்தபோது சாம்பல் பச்சையாக இருந்தது, எண்ணெய் ஏற ஏற கறுத்துப் பழைய கறுப்புக் காய்களோடு சேர்ந்துவிட்டது. எண்ணெயை ஒரே தடவையில் கொட்டாமல், துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, இழுத்துக்கொண்டபின் மறுபடி தேய்க்கவேண்டும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு குதிரையைப் பழைய தினத்தாளில் நிறுத்திவையுங்கள், தாளில் எண்ணெய்க்கறை விழாத அளவுக்கு ஊறியபின் பலகைக்குக் கொண்டுவந்தால் கட்டம் கெடாது.